நல்ல பிள்ளை என்ற பட்டம் போதுமா?

சிறுவர் திரைப்படம் என்றதும் நம் இலக்கிய வட்டத்தில் முதலில் நினைவுகூரப்படுவது மஜீத் மஜீதியின் 'சொர்க்கத்தின் குழந்தைகள்' (1997). ஒரு சோடிச் சப்பாத்தை அண்ணனும் தங்கையும் மாறி மாறி அணிந்து பாடசாலை செல்லும் கதை. அந்தச் சப்பாத்துக்காக நாம் கண் கலங்கினோம். ஆனால் அந்த வீட்டில் தாய் சுகவீனமாய் இருக்கிறாள். கடைக்குப் போவதும் கைக்குழந்தையைப் பார்ப்பதும் பிள்ளைகளின் பொறுப்பாகியிருக்கிறது. ஒன்பது வயது அலீயை, இனி நீ சின்னப்பிள்ளை இல்லை என்று தந்தை கண்டிக்கிறார். இதை நம்மில் எத்தனை பேர் கவனித்தோம்? கவனிக்காததற்குக் காரணம் உண்டு. வீட்டு நோயாளியைப் பிள்ளை பார்த்துக்கொள்வது நமக்குச் செய்தியே அல்ல. அது 'நல்ல பிள்ளை'யின் இலட்சணம்.

இந்த இலட்சணத்தை ஒரு படைப்பு கேள்விக்கு உள்ளாக்க முடியுமா? முடியும் என்று காட்டிய படம் பஹ்மான் கொபாதியின் 'போதையேறிய குதிரைகளுக்கான நேரம்' (2000). ஈரான் - ஈராக் எல்லையிலுள்ள குர்திஷ் கிராமமொன்றில் தாயில்லாப் பிள்ளைகள். எல்லை தாண்டிப் பொருள் கடத்தப்போன தந்தை கண்ணிவெடியில் இறந்துவிடுகிறார். பன்னிரண்டு வயது மதிக்கத்தக்க அயூப் குடும்பத் தலைவனாகிறான். உடல் வளர்ச்சியற்ற சகோதரன் மாதிக்கு ஊசியும் மருந்தும் வேண்டும். அறுவைச் சிகிச்சையும் வேண்டும். சிகிச்சை செய்தாலும் அவன் சில மாதங்களே உயிர்வாழ்வான் என்கிறார் வைத்தியர். ஆயினும் அந்தச் சில மாதங்களுக்காக அயூப் பனிமலையில் சுமை தூக்குகிறான். குளிரைத் தாங்குவதற்காகக் கோவேறு கழுதைகளுக்கு மது புகட்டுவார்கள். படத்தின் பெயர் அங்கிருந்து வந்தது.

கொபாதி அயூபை ஓரிடத்திலாவது புகழவில்லை. தியாகி என்று சொல்ல ஒரு பாத்திரத்தைக்கூட அவர் வைக்கவில்லை. மாறாக, கணக்குப் பார்க்கிறார். சுமைக்கு எவ்வளவு கூலி, மருந்துக்கு எவ்வளவு, இன்னும் எவ்வளவு குறைகிறது என்ற கணக்கு. பிள்ளைகள் தம் உடைக்குள் மறைத்துக் கொண்டுவரும் அப்பியாசக் கொப்பிகளை எல்லைக் காவலர் பறிமுதல் செய்யும் காட்சி தொடக்கத்திலேயே வந்துவிடுகிறது. பின்னர் அயூப் பாடசாலையை விட்டு விலகுகிறான். தான் உழைத்த காசில் தங்கை ஆமினேக்குக் கொப்பியும், மாதிக்கு ஒரு பயில்வானின் படமும் வாங்கி வருகிறான். ஆசிரியத் தொழிலில் இருக்கும் எனக்கு அந்தக் கொப்பியைவிட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. ஒரு பிள்ளையின் படிப்பு நின்றதும் இன்னொரு பிள்ளையின் படிப்பு தொடர்ந்ததும் அந்த ஒரே பொருளில் அடங்கிவிடுகின்றன.

நம் கதைகளோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். தமிழ்த் தினப் போட்டிகளில் மாணவர் எழுதும் சிறுகதைகளை வலய மட்டத்தில் பல ஆண்டுகளாக வாசித்து வருகிறேன். நோயாளித் தாய், பொறுப்புள்ள மகன், குப்பி விளக்கில் படிப்பு, முடிவில் வைத்தியர் பட்டம். பெரியவர்கள் சஞ்சிகைகளில் எழுதும் கதைகளிலும் இதே வார்ப்பு உண்டு. இக்கதைகளில் நோயாளிக்குக் குரல் இல்லை; கதை முடியவேண்டிய இடத்தில் வசதியாக மௌத்தாகிவிடுகிறார். பிள்ளைக்கு அலுப்போ கோபமோ வருவதில்லை. கொபாதி மாதியைச் சாகவும் விடவில்லை, குணப்படுத்தவும் இல்லை. அயூப் அவனோடு முள்கம்பியைக் கடப்பதோடு படம் நின்றுவிடுகிறது. பராமரிப்பின் இயல்பே அதுதான். நாளைக் காலையும் அதே வேலை இருக்கும்.

வன்னியில் இருந்துகொண்டு இப்படத்தை அந்நிய நாட்டுக் கதையாகப் பார்க்க இயலாது. 2009 மே மாதத்தோடு யுத்தம் ஓய்ந்தது. முள்ளந்தண்டில் காயம்பட்டு இடுப்பின் கீழ் உணர்விழந்தவர்கள் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் இன்றும் கட்டிலில் இருக்கிறார்கள். அத்தகையவரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டிக் கிடத்தாவிட்டால் படுக்கைப்புண் வரும். தாய் கூலி வேலைக்குப் போனால் புரட்டுவது யார்? யுத்தம் முடிந்தபின் பிறந்த பிள்ளை.

முஸ்லிம் வீடுகளில் நிலைமை சற்று வேறு. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு, 2009க்குப் பின் மீளக்குடியேறியவர்களின் குடும்பங்கள் பல, பாதி இங்கும் பாதி புத்தளத்திலுமாக இருக்கின்றன. காணியைக் காக்க வந்த மூத்தம்மாவுக்குத் துணையாக ஒரு பேத்தி. உம்மா சவூதியிலோ குவைத்திலோ வீட்டு வேலையில். சீனி வருத்தத்தில் கால் எடுக்கப்பட்ட மூத்தம்மாவுக்கு இன்சுலின் ஊசி போட்டுவிட்டு, இரண்டாம் பாடவேளையில் வகுப்புக்குள் நுழைகிறாள் எட்டாம் தரத்துப் பிள்ளை. வரவு இடாப்பு அவளைப் 'பிந்தி வருபவள்' என்று மட்டுமே அறியும். 1998இல் 14 வயது வரையும் 2016இல் 16 வயது வரையும் கல்வி கட்டாயமாக்கப்பட்டது. சட்டம் பிள்ளையைப் பாடசாலைக்கு அழைக்கிறது. ஊசி போட வீட்டுக்கு யாரை அனுப்புவது என்று சொல்வதில்லை.

இங்கேதான் கொபாதியோடும் எனக்கு ஒரு முரண்பாடு. அயூபின் பயணம் மலை, பனி, கண்ணிவெடி என்று காவியமாய் விரிகிறது. மூத்தவள் ரோஜின் வீட்டுக்குள் செய்யும் வேலைக்கு அந்த விரிவு இல்லை. மாதியின் சிகிச்சைக்கு ஈடாக அவளை எல்லைக்கு அப்பால் மணமுடித்து அனுப்புகிறார் சிறிய தந்தை. மாப்பிள்ளை வீட்டார் மாதியை ஏற்க மறுத்து, ஒரு கோவேறு கழுதையைக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். அதிர்ச்சியான காட்சிதான். ஆனால் அதற்கு முந்திய நாள்களில் அவள் கழுவியதும் துடைத்ததும் ஊட்டியதும் படத்தில் ஓரமாகவே நிற்கின்றன. நம்மூரில் இந்த வேலை பெரும்பாலும் பெண்பிள்ளைகளுடையது. வீட்டுக்குள்ளே நடப்பதால் கதாசிரியருக்கும் தெரிவதில்லை.

தெரியாமைக்குப் பெயரின்மையும் ஒரு காரணம். பிரித்தானியாவில் ஜோ ஆல்ட்ரிஜ், சோல் பெக்கர் ஆகிய ஆய்வாளர்கள் 1993இல் இச்சிறுவர்களைப் பற்றி நூல் எழுதினார்கள். 'இளம் பராமரிப்பாளர்' என்ற பெயர் அங்கு புழக்கத்துக்கு வந்தது. 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி இங்கிலாந்தில் அத்தகைய பிள்ளைக்கு என்ன உதவி வேண்டும், அந்த வேலை அந்த வயதுக்குத் தகுமா என்பதை உள்ளூராட்சி மதிப்பிட்டாக வேண்டும். நம்மிடம் 'பொறுப்புள்ள பிள்ளை' என்ற பாராட்டு மட்டுமே இருக்கிறது. பாராட்டுப் பெற்ற பிள்ளை, தன்னால் முடியவில்லை என்று சொல்ல வெட்கப்படுகிறது. சொன்னால் விடுதியில் சேர்த்துவிடுவார்களோ என்று பயப்படவும் செய்கிறது. அன்பும் அங்கே பொய்யல்ல, பாரமும் பொய்யல்ல. இரண்டையும் ஒருசேரச் சொல்லும் கதையே நமக்குத் தேவை.

நம் மரபில் அதற்கு முன்மாதிரி இல்லாமலில்லை. உவைஸுல் கர்னி (ரஹ்) அவர்களின் வரலாற்றை பயான்களில் அடிக்கடி கேட்கிறோம். தாயைப் பராமரிக்க வேண்டியிருந்ததால் யமனிலிருந்து நபி (ஸல்) அவர்களைக் காண வர இயலாதவர். அவர் சிறுவர் அல்லர் என்பது உண்மையே. தாய்க்கான பணிவிடையைச் சொல்லியே பிள்ளைகளுக்கு இதை உபதேசிக்கிறோம். மறுபாதியை விட்டுவிடுகிறோம். வராததற்காக அவர் குறை சொல்லப்படவில்லை. சந்தித்தால் அவரிடம் துஆக் கேட்குமாறு நபி (ஸல்) அவர்கள் உமர் (ரலி) அவர்களுக்குச் சொன்னார்கள். உமர் (ரலி) அவர்களும் யமனிலிருந்து வரும் கூட்டங்களிலெல்லாம் விசாரித்து அவரைக் கண்டுபிடித்தார்கள். பொறுப்பிலிருந்தவர்கள், வராதவரைத் தேடிய வரலாறு அது. பிள்ளைக்கு மட்டுமன்றி நமக்கும் அதில் பாடம் இருக்கிறது.

ஆசிரியர் செய்யக்கூடியவை சின்ன விடயங்கள்தாம். 'ஏன் பிந்தினாய்?' என்பதற்குப் பதிலாக 'காலையில் வீட்டில் யார் இருந்தது?' என்று தனியாக அழைத்துக் கேட்கலாம். கிளினிக் நாளில் தவறிய பாடத்தை மறுநாள் இடைவேளையில் கொடுக்கலாம். வீட்டுவேலையை வகுப்பிலேயே முடிக்க விடலாம். பள்ளிவாசல் நிர்வாகமும் அயலவரும் ஒரு காலைப் பொழுதுக்கு ஓர் ஆளை அந்த வீட்டுக்கு ஒழுங்கு செய்யலாம். காலைக் கூட்டத்தில் நிறுத்திக் கைதட்ட வைப்பதை மட்டும் தவிர்க்க வேண்டும்.

எழுத்தாளர்களிடம் கேட்பது ஒன்றே. அடுத்த முறை இப்படியொரு பிள்ளையை எழுதும்போது, முடிவில் வைத்தியராக்க வேண்டாம். காலை ஐந்து மணிமுதல் எட்டு மணிவரை அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று எழுதுங்கள். நோயாளியையும் பேசவிடுங்கள். பிள்ளைக்குக் கோபம் வந்தால் வரட்டும்.