குறியீடும் இஸ்திஆராவும்: ‘பால்வீதி’யை முன்வைத்து

அரபிக் கல்லூரியில் ஓதி ஆலிம் ஸனது பெற்றபின் பல்கலைக்கழகத்தில் முதுகலைத் தமிழ் பயிலச் சென்ற என் மாணவர் ஒருவர், விடுமுறையில் காயல்பட்டினம் வந்தபோது தம் வகுப்புக் குறிப்பேட்டைக் கொண்டுவந்து காட்டினார். போதலேர், மல்லார்மே, குறியீட்டியம், மீநடப்பியல் எனப் பக்கங்கள் நிறைந்திருந்தன. “ஹஜ்ரத், இவையெல்லாம் பலாகாவில் நாம் ஓதியவைதாமே? இஸ்திஆராவுக்குத்தானே குறியீடு என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள்?” என்று கேட்டார். கேட்டபோது அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. அந்த நிம்மதிதான் என்னைச் சங்கடப்படுத்தியது.

மேலைச் சிந்தனை எதைக் கண்டாலும் ‘இது நம்மிடம் முன்பே இருந்தது’ என்று கூறி நூலை மூடிவிடும் பழக்கம் நம்மவரிடையே வேரூன்றிவிட்டது. அத்தகைய கட்டுரைகளை எழுதியவர்களில் அடியேனும் ஒருவன். மேலைக் கல்வியே ஆகாது என்று ஒதுக்கிய முன்னோரை நாம் குறைகூறுகிறோம். அவர்களாவது அது வேறொன்று என்பதை உணர்ந்திருந்தனர்.

மாணவரின் கேள்வியை ஆராய நம் சமுதாயத்திலேயே ஒரு சான்று உண்டு. கவிக்கோ அப்துல் ரகுமான் (1937–2017) மதுரையில் உருதுக் கவிஞர் குடும்பத்தில் பிறந்து, தியாகராசர் கல்லூரியில் தமிழ் பயின்று, வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரியில் நெடுங்காலம் தமிழ்ப் பேராசிரியராக விளங்கியவர். ‘புதுக்கவிதையில் குறியீடு’ என்பது அவருடைய முனைவர் பட்ட ஆய்வு. 1974இல் வெளிவந்த அவரது ‘பால்வீதி’, தமிழில் மீநடப்பியலுக்கு எடுத்துக்காட்டாகக் கூறப்படுவது. அதனை இறக்குமதிச் சரக்கு என்று தள்ளுவது எளிது. குணங்குடி மஸ்தான் சாகிபின் மனோன்மணியே வேறு உடையில் வந்திருக்கிறாள் என்று அணைத்துக்கொள்வதும் எளிது. இரண்டும் நூலைப் படியாமலேயே சொல்லக்கூடியவை.

ஹிஜ்ரி 471இல் (1078) மறைந்த அப்துல் காஹிர் அல்ஜுர்ஜானி, நுட்பமான பொருள் சிப்பிக்குள் இருக்கும் முத்தைப் போன்றது, பிளந்தாலன்றி வெளிப்படாது என்று ‘அஸ்ராருல் பலாகா’வில் கூறுகிறார். சொற்களைத் தாறுமாறாகப் பின்னிப் பொருளை மறைக்கும் ‘தஃகீத்’ என்னும் குற்றத்தையோ, உயிரைப் பணயம் வைத்துக் கடலில் மூழ்கி வெறும் பாசிமணியுடன் கரையேறும் உழைப்புக்கு ஒப்பிடுகிறார். இப்பகுதியைப் பாடமாக நடத்தும்போது எங்கள் கரைப் பிள்ளைகள் புன்முறுவல் பூப்பதுண்டு. தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் சிப்பிகள் திறக்கப்படாமலேயே ஆயிரம் ஆயிரமாக ஏலம் போயின. அழுகவிட்டுக் கழுவிப் பார்க்கும்வரை முத்தா வெறுங்கையா என்பது வாங்கியவருக்குத் தெரியாது. 1961க்குப் பின் அந்தக் குளிப்பும் இல்லை. பாட்டனார் சொன்ன கதைகளாகவே இவர்கள் அதனை அறிவர்.

ஆனால் ஜுர்ஜானியின் உவமையில் ஒரு நிச்சயம் உண்டு. முத்து இருக்கிறது; கவிஞன் வைத்தான், கேட்பவன் எடுக்கிறான். ‘தலாஇலுல் இஃஜாஸ்’ நூலில் அவர் விளக்கும் ‘பொருளின் பொருள்’ என்னும் கருத்தும் இத்தகையதே. பானையடியில் சாம்பல் மிகுந்தவன் என்றால், அடுப்பு ஓயாதவன், ஆகவே விருந்தோம்புபவன் என்று அறிவு படிப்படியாக நடந்து சேர்கிறது. திருமறையின் ஒப்பற்ற தன்மையை விளங்கிக்கொள்ள எழுந்த கலை அது; சொன்னவனின் நாட்டம் என ஒன்று உண்டு என்னும் உறுதி அதன் அடித்தளம். மல்லார்மே இந்தப் பாதையையே மறைத்துவிடுகிறார். பெயரிட்டுச் சொல்லாது சாயலாக உணர்த்துவதே கவிதை என்பது அவர் நிலை. முத்தைத் தேடாதே, சிப்பியின் உட்புற ஒளியைப் பார் என்பது போன்றது அது. பழைய உறுதிகள் தளர்ந்துவந்த பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரான்சில் பிறந்த இக்கொள்கையை இஸ்திஆரா என்று பெயர்த்தால் இரண்டுமே நமக்கு விளங்காமற் போகும்.

‘பால்வீதி’யின் சிறந்த கவிதைகளில் இவ்விரண்டும் மோதுகின்றன. படிமம் கனவின் போக்கில் எங்கோ விலகிச் செல்கிறது. ஏக்கம் மட்டும் தன் திசையை விடுவதில்லை. பிரெஞ்சுக் கவிஞரிடமும் மஸ்தான் சாகிபிடமும் காணாத ஒன்று அங்கே பிறக்கிறது. அந்த மோதல் இல்லாத இடங்களில் படிமங்கள் வரிசையாக வந்து நிற்கின்றன, பாசிமணிகள், அழகியவைதாம். 1999இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற ‘ஆலாபனை’யில் அவர் முத்துள்ள சிப்பிக்கே திரும்பிவிட்டார் என்பேன். கருத்து தெளிவாகக் கைக்கு வருகிறது, மேடையிலும் சிறக்கிறது. எனக்கென்னவோ பழைய நூலின் மீதே பிரியம்.

மாணவர் இப்போது இதையே ஆய்வேடாக எழுத முனைந்திருக்கிறார். ஜுர்ஜானிக்கு ஓர் அடிக்குறிப்பு போதும் என்பது நெறியாளரின் கருத்தாம். மல்லார்மே நமக்கெதற்கு என்பது வீட்டுப் பெரியவர்களின் கருத்து. நெறியாளரிடம் ஓர் இயலாவது கேட்டு வாங்கும்படியும், மல்லார்மேயை உரைநோட்டுகளில் அன்றி மொழிபெயர்ப்பிலேனும் நேரே படிக்கும்படியும் சொல்லியிருக்கிறேன். ‘அஸ்ரார்’ நூலின் என் பிரதியை எடுத்துச் சென்றவர் இன்னும் திருப்பித் தரவில்லை.