தரையில் தெரியும் திறம்

போலச் செய்தல் கலையின் தொடக்கம் என்பர். சிறுவன் தென்னை மட்டையைக் குதிரையாக்கி ஓட்டுவதும், நடிகன் அரசனாக மேடையேறுவதும் போலச் செய்தலே. பழங்காலப் போர் விமானங்களைக் கணினித் திரையில் ஓட்டச் செய்யும் சிமுலேட்டர் விளையாட்டுகளும் அவ்வகையினவே. இவற்றை மதிப்பிடுவோர் பெரும்பாலும் வான்போர்க் காட்சிகளின் கவர்ச்சியையே எடுத்துப் பேசுவர். ஆயின், ஒரு படைப்பு தான் காட்டும் விமானத்தை எவ்வளவு ஆழமாக உணர்ந்துள்ளது என்பதை அறிய வானத்தை அண்ணாந்து பார்க்க வேண்டுவதில்லை. தரையில் அது உருண்டோடும் முறையை நோக்கினாலே போதும்.

யானைக்கும் அடி சறுக்கும் என்பது பழமொழி. இரண்டாம் உலகப் போர்க்காலத்து ஸ்பிட்ஃபயர், மெஸ்ஸர்ஷ்மிட் 109, முஸ்டாங் ஆகிய மூன்றிற்கும் அடி சறுக்கும் இடம் ஓடுபாதையே. இவற்றுக்கு முன்னே இரு பெருஞ்சக்கரங்கள். வாலின் அடியில் ஒரு சிறு சக்கரம். எடையின் மையமோ பெருஞ்சக்கரங்களுக்குப் பின்னே அமைந்துள்ளது. ஆதலின், ஓடும்போது விமானம் சற்றே திசை மாறினாலும் பின்னிருக்கும் எடை அம்மாற்றத்தை மேலும் பெருக்குகிறது. உடனே திருத்தாவிடில் வால் சுழன்று முன்னே வரும். சக்கரக்காலோ இறக்கையோ முறியும். ஸ்பிட்ஃபயரின் பெருஞ்சக்கரங்களுக்கு இடைப்பட்ட அகலம் ஏறத்தாழ 1.7 மீட்டரே. முஸ்டாங்கிற்கோ அது 3.6 மீட்டர். முன்னதை ஓட்டுவோர்க்கு எத்துணை விழிப்பு வேண்டும் என்பதை இவ்வெண்களே உரைக்கும்.

இடர் இத்துடன் முடியவில்லை. மூக்கு நிமிர்ந்து நிற்பதால் விமானிக்கு நேர்முன் வழி தெரியாது. பாம்பு போல் வளைந்து வளைந்தே செல்ல வேண்டும். விசையை முழுதும் கூட்டினால் சுழலியின் ஆற்றல் விமானத்தை ஒரு பக்கம் இழுக்கும். மெர்லின் இயந்திரம் பூட்டிய ஸ்பிட்ஃபயர் இடப்புறம் இழுக்கும். பின்னர் வந்த கிரிஃபன் இயந்திரத்தின் சுழலி எதிர்த்திசையில் சுழன்றமையால் அது வலப்புறம் இழுக்கும். ஒன்றில் பழகிய கால் மற்றொன்றில் தவறு செய்யும்.

இவ்வுண்மையைப் படைப்புகள் எங்ஙனம் கையாண்டன? 2001ஆம் ஆண்டில் ருசிய நாட்டின் ஒலெக் மேடாக்ஸ் குழுவினர் உருவாக்கிய 'ஐஎல்-2 ஸ்டர்மோவிக்' வான்போரைக் காட்டுவதில் பெரும்புகழ் பெற்றது. எனினும், பின்வந்த படைப்புகளோடு ஒப்பிட அதன் தரையோட்டம் எளிமையானது. புறப்படுதலும் இறங்குதலும் வேண்டியோர் வைத்துக்கொள்ளவும் வேண்டாதோர் விலக்கிவிடவும் அங்கு இடமுண்டு. அரிச்சுவடியை விலக்கிவிட்டு இலக்கணத்தைத் தொடங்குதல் போன்றது இது.

2012ஆம் ஆண்டில் ஈகிள் டைனமிக்ஸ் நிறுவனம் வெளியிட்ட முஸ்டாங் படைப்பு வேறு நெறியைப் பின்பற்றியது. கைப்பிடியைப் பின்னிழுத்தால் வாற்சக்கரம் சுக்கானோடு பிணைந்து சிறிதளவே திரும்பும். முன்தள்ளினால் விடுபட்டுத் தன்போக்கில் சுழலும். உண்மை விமானத்தின் இந்நுட்பம் அங்கே போற்றப்பட்டுள்ளது. 2016ஆம் ஆண்டின் இறுதியில் அந்நிறுவனமே அளித்த ஸ்பிட்ஃபயரில், கைப்பிடியில் உள்ள நெம்புகோலை அழுத்திக்கொண்டு காலால் சுக்கானை மிதித்தால்தான் ஒருபக்கத் தடை பற்றும். கையும் காலும் ஒத்திசைய வேண்டும் என்பது அங்கே விளங்கும்.

ஆனால், கடினமாக இருப்பதெல்லாம் உண்மையாகிவிடாது. மெய்யான விமானி வால் நழுவுவதைக் கண்ணால் காணுமுன் தன் உடலால் உணர்கிறான். திரைமுன் அமர்ந்தவனுக்குக் கண்ணும் செவியுமே துணை. விசைகளை அப்படியே கணக்கிட்டுத் தந்தால், மெய்யானவனுக்கு இருந்ததைவிடக் கூடுதலான இடரே இவனுக்கு வாய்க்கும். இதனை உணர்ந்தே, புறப்பாட்டில் கைகொடுக்கும் துணையொன்றை இப்படைப்பாளர் வைத்தனர்; அதன் அளவை நூறு முதல் சுழி வரை படிப்படியாகக் குறைக்கலாம். இது குறையன்று, கற்பித்தலின் முறையறிந்த செயல். கொழுகொம்பைப் பற்றி ஏறுவது கொடிக்கு இழுக்காகாது. ஐஎல்-2 பாடத்தையே நீக்க இசைந்தது. இதுவோ பாடத்தை நிறுத்திவைத்து, பயில்வோன் ஏறப் படி அமைத்தது. வேறுபாடு இங்கேதான்.

எனினும், இவ்வளவு நுட்பம் வாய்ந்த படைப்பிலும் ஒரு வெறுமை உண்டு. அது மாந்தரின் வெறுமை. பலத்த காற்றில் ஸ்பிட்ஃபயர் தரையில் ஊர்ந்து செல்லும்போது அதன் வால் மேலெழாதிருக்கத் தரைப்பணியாளர் அவ்வாலின்மீது அமர்வது வழக்கம். 1945ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், இங்கிலாந்தின் ஹிபால்ட்ஸ்டோ தளத்தில் மார்கரெட் ஹார்ட்டன் என்னும் வான்படைப் பணிப்பெண் அவ்வாறு அமர்ந்திருந்தார். அவர் இறங்குமுன்னரே விமானி புறப்பட்டுவிட்டார். வாலைக் கட்டிப்பிடித்துக் கிடந்த அவருடன் விமானம் வானில் எழுந்தது. விமானம் வழக்கம்போல் இயங்கவில்லை என்பதை விமானி உணர்ந்தார், காரணம் அறியார். தரையிலிருந்தோர் காரணத்தைச் சொல்லாமலே அவரை இறங்கப் பணித்தனர். இருவரும் உயிர் தப்பினர்.

இந்நிகழ்ச்சி உணர்த்துவது யாது? விமானத்தைத் தரையில் நடத்துவது விமானி ஒருவரின் திறமை மட்டுமன்று. பெயர் தெரியாத பலர் தம் உடலையே எடையாக வைத்துத் தாங்கிய பணி அது. சக்கரத்தின் சுழற்சியைக் கணக்கிட்ட படைப்புகள், வாலின்மீது அமர்ந்த மனிதரைக் கணக்கிட மறந்தன. திரையில் இறக்கை முறிந்தால் ஒரு பொத்தானை அழுத்தி மீண்டும் தொடங்கலாம். அன்று ஓடுபாதையில் நின்றோர்க்கு அத்தகைய மறுதொடக்கம் இல்லை.

போர் விளையாட்டு வீரத்தை மட்டும் காட்டினால் அது பாதிக் கதையே ஆகும். விழாமல் உருண்டு, சிதையாமல் திரும்பி, இயந்திரத்தை நிறுத்தி இறங்கும் வரை ஒருவன் கொள்ளும் பொறுமையையும் காட்டும்போதுதான் போலச் செய்தல் கலையாக உயர்கிறது. அவ்வகையில், முஸ்டாங்கும் ஸ்பிட்ஃபயரும் பாதி வழி வந்துள்ளன. எஞ்சிய பாதி, தரையில் நின்ற மாந்தரையும் திரைக்குக் கொண்டுவருவதில் உள்ளது.