உயரம் தாண்டுதலும் எழுத்தின் பார்வையும்: மாரியப்பன் தங்கவேலுவை முன்வைத்து

சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியைச் சேர்ந்த மாரியப்பன் தங்கவேலு, 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கமும், 2021இல் நடைபெற்ற டோக்கியோ போட்டியில் 1.86 மீட்டருடன் வெள்ளியும், 2024 பாரிசில் 1.85 மீட்டருடன் வெண்கலமும் வென்றார். அவரைப் பற்றிய தமிழ் எழுத்துகளில், ஐந்து வயதில் பேருந்து விபத்தால் வலக்கால் சிதைந்ததும் தாயின் உழைப்பும் தன்னம்பிக்கையுமே மேலோங்குகின்றன. இவை உண்மை, எனினும் தாண்டுதல் எவ்வாறு நிகழ்ந்தது என்ற வினாவிற்கு இவை விடையாகா.

தாண்டும் உயரத்தைப் பெரிதும் தீர்மானிப்பவை, தரையை விட்டெழும் கணத்தில் உடலின் நிறைமையம் இருக்கும் உயரமும் அதன் செங்குத்து வேகமும் ஆகும். ஓட்டத்தின் கிடைவேகத்தில் ஒரு பகுதியை ஊன்றுகால் மேல்நோக்கித் திருப்புகிறது. வீசுகாலும் கைகளும் அதற்குத் துணைசெய்கின்றன. ஒரு கால் குறைபட்ட நிலையில் இப்பங்கீடு மாறும். எக்கால் ஊன்றுகிறது, எக்கால் வீசுகிறது என்றுகூட வினவாத எழுத்து, பயின்று பெற்ற நுட்பத்தை மனவலிமையாகச் சுருக்கிவிடுகிறது.

டோக்கியோவில் மழையால் வலக்காலின் காலுறை நனைந்து தாண்டுவது கடினமாயிற்று என மாரியப்பனே கூறினார். இது வெறும் ஆதங்கமன்று, நுட்பக் கூற்று. வளைந்த ஓட்டத்திற்கும் ஊன்றலுக்கும் தரைப்பிடிப்பு இன்றியமையாதது. நனைந்த பின்னல்துணியின் இயல்பை ஆராய, பின்னலாடைத் தொழில் வேரூன்றிய திருப்பூர் வட்டாரத்தைவிடப் பொருத்தமான களம் அரிது. வீரரின் சொல்லைச் சான்றாகக் கொண்டு துணியியலும் உடற்கல்வியும் இணையும் ஆய்வே, புகழுரையினும் அவருக்குரிய மதிப்பாகும்.