நாயில்லாப் பன்றி வேட்டை: எந்த முறை எதற்கு?

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் காட்டுப்பன்றியைச் சுட வேட்டைப் பருவம் என்று ஒன்று கிடையாது. இத்தனைதான் சுடலாம் என்ற வரம்பும் இல்லை. தனியார் நிலத்தில் உரிமையாளர் சம்மதித்தால் வேட்டை உரிமம்கூட வேண்டாம் என்று 2019-இல் சட்டம் தளர்த்தப்பட்டது. இரவில் சுடலாம்; ஹெலிகாப்டரில் பறந்தபடியும் சுடலாம். இவ்வளவு தாராளம் காட்டியும் பன்றிகள் குறையவில்லை. துப்பாக்கிக்குப் பஞ்சமில்லாத ஊரில் இது எப்படி நடக்கிறது என்று கேட்டால், வேட்டை முறைகளைப் பற்றிய பேச்சு அங்கிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

முதலில் ஒரு வேறுபாடு. தமிழ்நாட்டின் காட்டுப்பன்றி இம்மண்ணுக்குரிய விலங்கு. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருவது. டெக்சஸ் பன்றி வந்தேறி. 1539-இல் ஸ்பானியப் படைத்தலைவர் எர்னாண்டோ தெ சோத்தோ புளோரிடாவில் இறங்கியபோது படைக்கு உணவாகப் பன்றிகளைக் கொண்டுவந்தார். பின்னால் வந்த குடியேறிகளின் பன்றிகளும், வேட்டைக்கென்றே ஐரோப்பாவிலிருந்து இறக்கிவிடப்பட்ட காட்டினமும் கலந்து பெருகியவையே இன்றைய கூட்டங்கள். டெக்சஸில் மட்டும் சுமார் 26 லட்சம் இருக்கலாம் என்பது டெக்சஸ் ஏ&எம் பல்கலைக்கழகத்தார் 2011 வாக்கில் சொன்ன மதிப்பீடு. ஆண்டுக்கு 66 சதவீதத்தை அகற்றினால்தான் எண்ணிக்கை ஏறாமல் நிற்கும் என்றும், எல்லா முறைகளும் சேர்ந்து அகற்றியது 29 சதவீதம்தான் என்றும் அதே ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். எந்த வேட்டை முறையையும் இந்த இடைவெளியின் அருகே வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

நாய் வேட்டை அங்கே பழைய வழக்கம். ஒருவகை நாய்கள் பன்றியைத் தேடி மடக்கிக் குரைக்கும். இன்னொரு வகை காதைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். தந்தத்தில் குடல் கிழிந்து நாய்கள் சாவதுண்டு. பன்றியிடமிருந்து தொற்றும் போலி வெறிநோய் நாய்க்கு வந்தால் பிழைப்பது அரிது. துரத்தும் நாய்க்கு வேலி தெரியாது. டெக்சஸ் நிலத்தில் பெரும்பங்கு தனியாருடையது என்பதால் அண்டை நிலத்துக்காரரோடு சண்டை உறுதி. ஆக, நாயை வேண்டாம் என்பவர்களிடம் நியாயம் இருக்கிறது. ஆனால் நாயை விட்டுவிட்டால் மட்டும் வேட்டை நல்லதாகிவிடாது. எஞ்சும் முறைகளில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பலம், ஒரு ஓட்டை.

பரணிலிருந்து சுடுவதே பரவலான முறை. தானியங்கித் தீவனப் பெட்டி குறித்த நேரத்தில் மக்காச்சோளத்தைச் சிதறும். மேடை மேலோ மறைப்புக்குள்ளோ வேட்டைக்காரர் காத்திருப்பார். நின்று மேயும் விலங்கு, குறைந்த தொலைவு, நிதானமாகக் குறி பார்க்க நேரம். உயிர் சட்டென்று போகும் வாய்ப்பு இதில் அதிகம். மானைவிடப் பன்றிக்கு இதயமும் நுரையீரலும் கீழேயும் முன்னேயும் இருக்கும்; முதிர்ந்த ஆணின் தோள்மேல் கேடயம் போன்ற தடித்த தோல் வேறு. இதையெல்லாம் பார்த்துச் சுட அவகாசம் தருவது பரண். குறை என்னவென்றால், முதல் வெடியிலேயே கூட்டம் சிதறிவிடும். பதினைந்தில் ஒன்றிரண்டு விழும்; மற்றவை அந்த இடத்தை நள்ளிரவுக்குமேல் மட்டுமே வந்துபோகும் இடமாக மாற்றிக்கொள்ளும். கருவாலிக் கொட்டைகள் உதிரும் காலத்தில் சோளத்தை அவை திரும்பிப் பார்ப்பதே குறைவு. மானுக்கென்று வைத்த தீவனப் பெட்டிகள் ஆண்டெல்லாம் பன்றிகளையும் வளர்க்கின்றன. நிலத்துக்காரர் ஒரு கையால் ஊட்டுவதை மறுகையால் சுட வேண்டியிருக்கிறது.

தடம் பார்த்துப் பதுங்கி நெருங்குவது வேட்டைக் கலையாக உயர்ந்தது. பன்றிக்குக் கண் மந்தம்; மூக்கு மகா கூர்மை. காற்று நம் முகத்தில் அடிக்கும்படி நடந்தால் வெகு அருகே போய்விடலாம். வியர்த்து உடலைத் தணித்துக்கொள்ள முடியாத விலங்கு என்பதால் கோடை நண்பகலில் ஓடைக்கரைச் சேற்றில்தான் கிடக்கும். இதை அறிந்தவருக்கு நல்ல இறைச்சி கிடைக்கும். கையுறை போட்டு அறுக்க வேண்டும், புரூசெல்லா தொற்று உண்டு. 71 டிகிரி செல்சியஸுக்குக் குறையாமல் வேகவைக்க வேண்டும். வயலைக் காப்பதில் மட்டும் இதன் பங்கு மிகச் சிறியது.

வெப்பப் படக் கருவி பொருத்திய துப்பாக்கி வந்தபின் இரவு வேட்டையின் முகமே மாறிவிட்டது. நிலக்கடலையோ சோளமோ விதைத்த ஓரிரு இரவுகளில் பன்றிக் கூட்டம் சாலோடு சாலாக விதையைத் தின்று தீர்க்கும். அந்த நெருக்கடியில் பொறி வைத்துக் காத்திருக்க நேரமில்லை. இருட்டில் நூற்றுக்கணக்கான மீட்டருக்கு அப்பால் நிற்கும் கூட்டத்தைக் கண்டு விரட்ட இதைவிட விரைவான வழி கிடையாது. ஆனால் கருவி காட்டுவது சூட்டை மட்டுமே. அது கன்றுக்குட்டியா, படுத்திருக்கும் மனிதரா என்பதை நிதானித்துத்தான் முடிவு செய்ய வேண்டும். சுடப்படும் விலங்குக்குப் பின்னால் மண்மேடு இருக்கிறதா, வீடு இருக்கிறதா என்பது பகலில் நிலத்தை நடந்து பார்த்தவருக்குத்தான் தெரியும். ஓடும் கூட்டத்தின்மேல் அடுக்கடுக்காகச் சுட்டால் குடலில் குண்டு பட்டுப் புதரில் கிடந்து சாகும் பன்றிகள் எத்தனை என்று யாரும் எண்ணுவதில்லை. நாயைக் கொடுமை என்று ஒதுக்குபவர்கள் இந்தக் கொடுமையையும் தம் கணக்கில் எழுதிக்கொள்ள வேண்டும்.

ஹெலிகாப்டர் வேட்டை திறந்த வெளியில், இலையுதிர்ந்த குளிர்காலத்தில், பயிற்சி பெற்றவர் கையில் உண்மையாகவே பலன் தருகிறது. அடர்ந்த புதர்க்காட்டில் பணம்தான் பறக்கும். 2011-இல் டெக்சஸ் இயற்றிய சட்டம் ஹெலிகாப்டர் இருக்கைகளைப் பொதுமக்களுக்கு விற்க வழி செய்தது. அன்றிலிருந்து இது பாதி வேலை, பாதி கேளிக்கை.

மிச்சமிருப்பது பட்டிப் பொறி. நான்கங்குலக் கண்ணிகளும் ஐந்தடி உயரமும் கொண்ட கம்பித் தட்டிகளை வட்டமாக நட்டு, நடுவே சோளம் போட்டு, கதவைத் திறந்தே விடுகிறார்கள். மூலை இருந்தால் ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தாண்டிவிடும் என்பதால்தான் வட்டம். கேமராவில் கூட்டத்தின் தலைகளை எண்ணி, கடைசிக் குட்டியும் உள்ளே வந்தபின் கைப்பேசியிலிருந்து கதவை இறக்குவார்கள். பெண்பன்றி ஒரு வயது வாக்கிலேயே ஈனத் தொடங்கும். சினைக்காலம் சுமார் 115 நாள். ஓர் ஈற்றுக்கு ஐந்தாறு குட்டி. பெருக்கத்தின் வேர் தாய்களிடம் இருக்கிறது. தாய்களும் குட்டிகளும் சேர்ந்தே திரியும். அந்தக் கூட்டத்தை ஒரே இரவில் முழுதாக அகற்றும் முறை இது ஒன்றுதான். தனித்துத் திரியும் தந்த ஆணைச் சுட்டுப் படமெடுத்துக்கொள்வதால் அடுத்த ஈற்றில் ஒரு குட்டிகூடக் குறையாது. அதன் இடத்தை நிரப்ப இன்னோர் ஆண் வரும்.

பொறியும் மாசற்றதல்ல. தொலைவிலிருந்து இயக்கும் ஏற்பாட்டுக்குப் பல ஆயிரம் டாலர் வேண்டும். பழக்கி உள்ளே இழுக்க வாரக்கணக்கில் பொறுமை வேண்டும். அவசரப்பட்டுப் பாதிக் கூட்டத்தோடு கதவை இறக்கினால், தப்பிய பாதி அதன்பின் எந்தப் பொறிக்கும் எளிதில் வராது. சிறு கூண்டுகளின் தோல்விக்குக் காரணம் இதுவே. பொறிக்கு அஞ்சும் அந்தக் கடைசிச் சிலவற்றைத் தேடிப் பிடிப்பதில்தான் நாய்க்கு இன்றும் மறுக்க முடியாத இடம் இருக்கிறது. நாயில்லாதவர் அந்த வேலையை இரவுத் துப்பாக்கியிடம் ஒப்படைக்கலாம், முதலில் பொறி, பிறகே துப்பாக்கி என்ற வரிசையைக் குலைக்காமல்.

வரிசை குலைவதுதான் பெரிய சிக்கல். டென்னசி மாநிலம் 1999-இல் மாநிலம் முழுவதும் வரம்பில்லாப் பன்றி வேட்டையை அனுமதித்தது. வேட்டைச் சுவை கண்டவர்கள் புதிய இடங்களில் பன்றிகளைக் கொண்டுபோய் விட, முன்பு இல்லாத மாவட்டங்களிலெல்லாம் அவை முளைத்தன. 2011-இல் அந்தக் கொள்கை கைவிடப்பட்டது. கான்சஸ் 2006-இலேயே பொழுதுபோக்குப் பன்றி வேட்டையைத் தடை செய்தது. மிசூரி 2016-இல் தன் இயற்கைப் பாதுகாப்பு நிலங்களில் தடை விதித்து, பன்றியைக் கண்டால் சுடாமல் தகவல் தரும்படி மக்களைக் கேட்டது. ஒருவர் சுடும் ஒரு குண்டு, பல வாரம் பொறிக்குப் பழக்கிய கூட்டத்தைக் கலைத்துவிடும் என்பதே காரணம். டெக்சஸில் அப்படித் தடை விதிப்பது கடினம். வேட்டைக் கட்டணம் அங்கே நிலத்துக்காரரின் வருமானம். பன்றி அறவே ஒழிந்தால் அந்த வருமானமும் ஒழியும்.

ஆகவே முறையைத் தேர்வதற்கு முன் நோக்கத்தை ஒளிவுமறைவின்றிச் சொல்லிக்கொள்ள வேண்டும். இறைச்சியும் வேட்டை அனுபவமும்தான் தேவை என்றால் பரணும் பதுங்கலும் போதும். அவற்றில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பயிரைக் காப்பதென்றால் முதலில் பொறி, அதுவும் அண்டை நிலங்களோடு சேர்ந்து. விதைப்பு நெருக்கடியிலும் கடைசி எச்சத்துக்கும் இரவுத் துப்பாக்கி. வெட்டவெளி நிலமானால் ஹெலிகாப்டர். எத்தனை விழுந்தன என்ற கணக்கு வேட்டைக்காரருக்கு உரியது. எத்தனை தப்பின என்ற கணக்குத்தான் விவசாயிக்குப் பயன்படும். அதைச் சொல்ல முடியாதவருக்கு நிலத்தைத் திறந்துவிடும் விவசாயி, வருவது விருந்தாளி என்று தெரிந்தே கதவைத் திறக்கட்டும்.