முன்பு, பின்பு, நடுவில்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்கா மகள் வாட்ஸப்பில் ஒரு லிங்க் அனுப்பினாள். கூடவே, "மாமா, நீங்கதான் எதை எடுத்தாலும் தோண்டித் துருவுவீங்களே. இதைக் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க. அம்மாகிட்ட இப்போதைக்குச் சொல்ல வேண்டாம்" என்று ஒரு குறிப்பு. திறந்தால், தென்கொரியாவில் சியோல் நகரத்தின் கங்னம் பகுதியிலிருக்கும் ஒரு கிளினிக்கின் பக்கம். தாடை எலும்பைச் செதுக்கி, மோவாயை ஒடுக்கி, சதுர முகத்தை 'வி' வடிவத்துக்குக் கொண்டுவரும் அறுவை சிகிச்சை. அவளுக்கு 28 வயது. பெங்களூரில் வேலை. இதற்காகவே மூன்று வருஷமாகப் பணம் சேர்த்திருக்கிறாளாம்.

அந்தத் தாடை எங்கள் வீட்டுத் தாடை. என் அம்மாவுடையது. அக்காவுக்கு வந்தது, எனக்கும் வந்தது. நான் தாடிக்குள் ஒளித்துக்கொண்டேன், அவளுக்கு அந்த வசதி இல்லை. ஆகவே இந்த விஷயத்தில் நான் நடுநிலையான ஆள் கிடையாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டாக்டரும் கிடையாது. பி.இ. முடித்து இருபது வருஷத்துக்கு மேலாக கோட் எழுதிப் பிழைக்கிறவன். செய்துகொள்ளலாமா, கூடாதா என்று தீர்ப்பு எழுத எனக்குத் தகுதியில்லை. ஆனால் அவள் அனுப்பிய பக்கத்தில் எழுத்து கொஞ்சம்தான், மற்றதெல்லாம் படங்கள். படம் பார்க்க எனக்குத் தெரியும். அதைத்தான் செய்தேன்.

நீங்களும் பார்த்திருப்பீர்கள். இரண்டு முகங்கள் பக்கத்தில் பக்கத்தில். இடது பக்கம் 'முன்பு', வலது பக்கம் 'பின்பு'. நடுவில் மெல்லிசாக ஒரு வெள்ளைக் கோடு. நாற்பது ஐம்பது ஜோடிகளை அடுத்தடுத்துப் பார்த்தால் ஒரு விஷயம் பிடிபடும். 'முன்பு' முகத்துக்கு மேலிருந்து விழும் கடினமான வெளிச்சம், இழுத்துக் கட்டிய முடி, மேக்கப் இல்லாத தோல், சிரிக்காத வாய். 'பின்பு' முகத்துக்கு முன்னாலிருந்து வரும் மெத்தென்ற வெளிச்சம், கன்னத்தில் விழும் முடி, உதட்டில் சாயம், சற்றே தாழ்த்திய தலை. எங்கள் தொழிலில் ஒரு மாற்றம் வேலை செய்கிறதா என்று சோதிக்க வேண்டுமென்றால் அந்த ஒன்றை மட்டும்தான் மாற்ற வேண்டும். ஐந்து விஷயங்களை ஒரே நேரத்தில் மாற்றிவிட்டு "பாருங்க, வேகமாயிடுச்சு" என்று வந்து நிற்கும் ஜூனியரை நான் திருப்பி அனுப்பிவிடுவேன். இங்கே எலும்பு, வெளிச்சம், முடி, சாயம், கோணம் எல்லாம் சேர்ந்து மாறுகின்றன. பாராட்டு முழுவதும் எலும்புக்குப் போகிறது.

ஆனால் எனக்கு உறுத்தியது அது இல்லை. போட்டோ எடுப்பதில் ஏமாற்று என்பது பழைய கதை, கல்யாண ஆல்பத்திலேயே உண்டு. உறுத்தியது அந்த வெள்ளைக் கோடு. நடந்ததெல்லாம் அதற்குள்தான் இருக்கிறது.

என்ன நடக்கிறது? வெளியே தழும்பு தெரியக்கூடாது என்பதால் வாய்க்குள், ஈறுக்கும் கன்னத்துக்கும் நடுவில் கீறுகிறார்கள். அந்தக் குறுகிய இடைவெளி வழியாக ரம்பத்தை விட்டு, காதுக்குக் கீழே இருக்கும் தாடைக்கோணத்தை அறுத்து எடுக்கிறார்கள். மோவாயை வெட்டி, நடுவில் ஒரு துண்டை எடுத்துவிட்டு, இரு பக்கத்தையும் நெருக்கித் தகடும் திருகும் போட்டுப் பிணைக்கிறார்கள். கீழ்த்தாடை எலும்புக்குள்ளேயே ஒரு குழாய் மாதிரிப் பாதை ஓடுகிறது. அதில் வரும் நரம்பு, முன் கடைவாய்ப் பற்களுக்குக் கீழே ஒரு துளை வழியாக வெளியேறி, கீழ் உதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்ச்சி தருகிறது. பல் டாக்டர் ஊசி போட்டதும் உதடு மரத்துப்போகிறதே, அந்த நரம்புதான். ரம்பம் அதன் பக்கத்தில்தான் போயாக வேண்டும். சிலருக்கு மரத்துப்போனது சில மாதங்களில் சரியாகிறது, சிலருக்கு ஆவதே இல்லை. தாடைக்கோணத்தை ஒட்டிப் பெரிய ரத்தக் குழாய்கள் போகின்றன. அப்புறம், எலும்பைக் குறைத்தாலும் அதைப் போர்த்தியிருக்கும் தோலும் தசையும் பழைய அளவுதான். வயது ஏற ஏற அது தொங்க இடமுண்டு. எலும்பு திரும்ப வளராது. நாங்கள் நேற்றைய வெர்ஷனுக்குத் திரும்பிப் போவோமே, அந்த வசதி இங்கே கிடையாது.

இன்னொரு விஷயத்தையும் பிரித்துச் சொல்ல வேண்டும். கடி சரியில்லாதவர்களுக்கு, மெல்ல முடியாதவர்களுக்குச் செய்யும் தாடை அறுவை வேறு. அதில் எலும்பைப் பிளந்து நகர்த்தி வைக்கிறார்கள். சூரிச் நகரத்தில் ஹ்யூகோ ஒப்வெகெசர் 1950களில் வாய் வழியாகவே செய்து காட்டிய முறைதான் அதற்கு அடித்தளம். அழகுக்காகத் தாடைக்கோணத்தைச் சீவுவது இன்னொரு மரபு. கொரிய மருத்துவர் பெக் செ-மின் 1989-ல் 42 பேருக்குச் செய்த அனுபவத்தை ஒரு கட்டுரையாக வெளியிட்டார். ஒன்றில் நோய் இருக்கிறது, இன்னொன்றில் விருப்பம். விளம்பரத்தில் இரண்டும் பக்கத்து பக்கத்து பட்டன்கள்.

இந்தக் கலவையைப் பெரிய அளவில் செய்துகாட்டியது 'லெட் மீ இன்' என்ற கொரியக் கேபிள் டிவி நிகழ்ச்சி. 2011-ல் தொடங்கி 2015 வரை ஓடியது. துண்டு துண்டாக யூட்யூபில் பார்த்தேன். ஒரு பெண் அழுதுகொண்டே தன் கதையைச் சொல்வாள். பள்ளியில் கேலி, வேலை கிடைக்காதது, வீட்டுக்காரர்களே முகம் சுளிப்பது. தாடை நீண்டு உண்மையிலேயே சாப்பிடச் சிரமப்படுகிறவர்களும் வருவார்கள். டாக்டர்கள் குழு தேர்ந்தெடுக்கும். பிறகு ஒரு வெட்டு. மேடை, விளக்கு, திறக்கும் கதவு, புது முகம், அம்மா அழுகை. மாதக்கணக்கான காலம் அந்த ஒரு வெட்டுக்குள் விழுங்கப்பட்டுவிடும். கட்டுப்போட்ட முகம், குழாய், கஞ்சி எல்லாம் சில நொடிகள் வந்து போகும், அதுவும் தியாகக் காட்சி மாதிரி இசையோடு. கேலி செய்தவர்கள் மேல் நிகழ்ச்சிக்கு எந்தப் புகாரும் கிடையாது என்பதுதான் எனக்கு எரிச்சல். பிரச்சனை அந்தப் பள்ளிக்கூடத்தில் இருக்கிறது, ஆபரேஷன் நடப்பது இவள் தாடையில். கொரியப் பெண்கள் அமைப்புகள் எதிர்த்துக் குரல் கொடுத்தன, ஐந்தாவது சீசனோடு நின்றது.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் கிம் கி-டுக்கின் 'டைம்' நினைவுக்கு வந்தது. 2006-ல் வந்த படம். அந்தக் காலத்தில் நம்மூர் உலக சினிமாப் பதிவர்களுக்குக் கிம் கி-டுக் குலதெய்வம் மாதிரி, நானும் டிவிடி தேடி அலைந்தவன்தான். 2018-ல் நடிகைகள் அவர்மேல் பாலியல் வன்முறைக் குற்றச்சாட்டுகளை வைத்தார்கள். அவர் மறுத்தார். அதற்குப் பிறகு அவர் படங்களை எடுத்து வைப்பதே எனக்குச் சங்கடமாக இருக்கிறது. இருந்தாலும் இந்தப் படத்தை மறுபடி பார்த்தேன்.

கதை இதுதான். காதலனுக்குத் தன் முகம் சலித்துவிட்டது என்று பயப்படுகிறாள் செ-ஹீ. சொல்லாமல் காணாமல் போகிறாள். முகத்தையே மாற்றிக்கொண்டு, ஆறு மாதம் கழித்து வேறு பெண்ணாகத் திரும்பி வந்து அவனையே காதலிக்க வைக்கிறாள். அவனோ புதியவளிடம் பழகிக்கொண்டே பழையவளை மறக்க முடியாமல் தவிக்கிறான். தன் பழைய முகத்தின் மேலேயே இவளுக்குப் பொறாமை வருகிறது. அந்தப் பழைய முகத்தின் போட்டோவை முகமூடியாக மாட்டிக்கொண்டு காதலனுக்கு எதிரே வந்து உட்காரும் காட்சியை நான் மறக்கவில்லை. 'முன்பு' படமும் 'பின்பு' முகமும் ஒரே நாற்காலியில். நடுவில் அந்தக் கோடு இல்லை.

படம் ஆரம்பிப்பதே நிஜமான அறுவை சிகிச்சைக் காட்சிகளோடு. கத்தி, ரத்தம், தையல். முதல் தடவை பார்த்தபோது அதிர்ச்சிக்காக வைத்திருக்கிறார் என்று திட்டினேன். இப்போது வேறு மாதிரித் தோன்றுகிறது. விளம்பரம் எதை மறைக்கிறதோ அதை இவர் டைட்டிலிலேயே போட்டுவிடுகிறார். அப்புறம் கிளினிக் வாசலில் முகம் மறைத்த ஒரு பெண் கையில் போட்டோ ஃபிரேமோடு வருகிறாள், செ-ஹீயோடு மோதுகிறாள், கண்ணாடி உடைகிறது. கடைசியில் படம் அதே வாசலுக்கு, அதே மோதலுக்குத் திரும்பி வருகிறது. அந்தப் பெண் யாரென்று அப்போதுதான் புரியும். அங்கே 'பின்பு' என்று ஒரு இடமே கிடையாது. ஒவ்வொரு பின்பும் அடுத்ததற்கு முன்பு ஆகிவிடுகிறது. கிளினிக்குகளின் இரட்டைப் படத்துக்கு இதைவிடக் கச்சிதமான மறுப்பு சினிமாவில் எனக்குத் தெரிந்து இல்லை.

ஆனாலும் படத்தை முழுசாக ஏற்க முடியவில்லை. டைட்டிலில் காட்டிய ரத்தத்தைக் கதைக்குள் கிம் மறந்துவிடுகிறார். ஆறு மாதம் என்பது அவருக்குக் காதலனின் தனிமை. முகம் வீங்கி, கஞ்சி குடித்து, உதடு மரத்துப்போய் ஒரு அறையில் கிடந்தவளின் ஆறு மாதம் எங்கே? அறுவை சிகிச்சை அவருக்கு ஒரு உருவகம், காதலும் காலமும் பற்றிய தத்துவத்துக்கு ஒரு சாக்கு. உருவகத்துக்கு நரம்பு இல்லை. தவிர, அந்தப் பெண் பாதிப் படத்துக்கு வெறிபிடித்துக் கத்திக்கொண்டே இருக்கிறாள். ஏன் இப்படி ஆனாள் என்று கேட்கும் பொறுமை இயக்குனருக்கு இல்லை.

வெள்ளைக் கோட்டுக்குள் இருப்பதை இரண்டு முறை வெளியுலகம் பார்த்திருக்கிறது. ஒன்று 2014-ல். கங்னத்தில் ஒரு கிளினிக், நோயாளிகளிடமிருந்து அறுத்தெடுத்த தாடை எலும்புத் துண்டுகளைக் கண்ணாடித் தூண்களில் நிரப்பி வரவேற்பறையில் வைத்திருந்தது. ஆயிரக்கணக்கில் துண்டுகள். தங்கள் அனுபவத்துக்கு அது சான்றாம். மருத்துவக் கழிவு விதியை மீறியதாக அபராதம் போட்டு எடுக்க வைத்தார்கள். சட்டம் அதைக் கழிவு என்றது, கிளினிக் கோப்பை என்றது.

இரண்டாவது, ஒரு சிசிடிவி பதிவு. 2016 செப்டம்பரில் 24 வயதுக் கல்லூரி மாணவர் ஒருவர் கங்னத்தில் தாடைச் சீரமைப்புக்குப் போனார். எலும்பை அறுத்த டாக்டர் பாதியில் இன்னொரு நோயாளியிடம் போய்விட, அனுபவமில்லாத புது டாக்டர் கையில் மிச்சம் விடப்பட்டது. கொரியாவில் இதை 'பேய் டாக்டர்' என்கிறார்கள். ரத்தம் நிற்கவில்லை. ஒரு கட்டத்தில் உதவியாளர் மட்டும் நின்று அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கிறார். தரையைத் திரும்பத் திரும்பத் துடைக்கிறார்கள். சுமார் மூன்றரை லிட்டர் ரத்தம் போயிருந்தது. ஏழு வாரம் கழித்து அந்தப் பையன் இறந்துபோனார். அம்மா அந்தப் பதிவைக் கேட்டு வாங்கி, யார் எப்போது உள்ளே வந்தார்கள், எப்போது வெளியே போனார்கள் என்று நிமிஷம் நிமிஷமாகக் குறித்து வைத்தார். சுமார் 500 தடவை பார்த்ததாகச் சொன்னார். அந்தப் பதிவு வழக்கில் சாட்சியாக நின்றது. 2021-ல் கிளினிக் தலைவருக்கு மூன்று வருஷச் சிறை விதிக்கப்பட்டது. நாடாளுமன்ற வாசலில் அந்த அம்மா தனி ஆளாகப் பதாகை பிடித்து நின்றதும் சேர்ந்து, அதே வருஷம் ஆகஸ்டில் சட்டம் நிறைவேறியது. 2023 செப்டம்பர் 25 முதல், மயக்க நிலையில் நோயாளிக்கு அறுவை செய்யும் தியேட்டர்களில் கேமரா இருந்தாக வேண்டும்.

இசை இல்லை, ஒலியும் இல்லை. வெளிச்சம் மேலிருந்து விழும் ட்யூப் லைட். விமர்சகர்கள் யாரும் எழுதாத படம் அது. அந்த அம்மா அதைப் பார்த்தது போல எந்தப் படத்தையும் எந்த விமர்சகரும் பார்த்திருக்க மாட்டார்.

சட்டத்தை வரிவரியாகப் படித்தபோது ஒரு ஓட்டை தெரிந்தது. நோயாளியோ பாதுகாவலரோ கேட்டால்தான் பதிவு செய்வார்கள். குறைந்தபட்சம் 30 நாள் வைத்திருந்தால் போதும். முக வீக்கம் வடியவே மாதக்கணக்கில் ஆகும். வெளிநாட்டிலிருந்து வருகிறவர் இரண்டு வாரத்தில் விமானம் ஏறிவிடுவார். ஏதோ சரியில்லை என்று பெங்களூரில் அவளுக்குத் தோன்றும்போது சியோலில் படம் அழிந்திருக்கலாம். 2024-ல் மட்டும் கொரியாவுக்கு வந்த வெளிநாட்டு நோயாளிகள் 11 லட்சத்துக்கு மேல். பாதிக்கு மேல் தோல் சிகிச்சைக்கு வந்தவர்கள் என்றாலும், கணக்குப் பெரிசுதான்.

இதையெல்லாம் போனில் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். "மாமா, நீங்க தாடி வெச்சிருக்கீங்க. நான் தினமும் ஆறு மணி நேரம் வீடியோ கால்ல என் மூஞ்சியப் பாக்கறேன். ஆச்சி மாதிரி இருக்கேன்னு எல்லாரும் பாசமாத்தான் சொல்றாங்க. எனக்கு யாரு மாதிரியும் இருக்க வேண்டாம்." இதற்கு என்னிடம் பதில் இல்லை. 'டைம்' படத்து செ-ஹீயும் இதைத்தான் கேட்டாள், இன்னும் அழகு வேண்டாம், வேறு முகம் வேண்டும் என்று. இயக்குனர் மாதிரி நானும் காரணம் கேட்காமலே பத்து நாள் ஆராய்ச்சி பண்ணியிருக்கிறேன்.

இரண்டு பேருமாகச் சேர்ந்து கிளினிக்குக்கு ஒரு மெயில் எழுதினோம். அறுவை செய்யப்போகும் டாக்டரின் பெயர் என்ன, தொடக்கம் முதல் தையல் வரை அவர்தானா, மயக்க மருந்து நிபுணர் முழுநேரமும் உள்ளே இருப்பாரா, அதே நேரத்தில் வேறு தியேட்டரில் வேறு அறுவை உண்டா, ரத்தம் தேவைப்பட்டால் எங்கிருந்து வரும், கேமரா பதிவை எழுத்தில் கேட்டால் செய்வீர்களா, எத்தனை நாள் வைத்திருப்பீர்கள். ஒரே நாளில் பதில் வந்தது, ரொம்ப அன்பாக. டாக்டர் அனுபவம் மிக்கவர், கவலை வேண்டாம், இத்துடன் எங்கள் சமீபத்திய வெற்றிகளை இணைத்திருக்கிறோம் என்று. பன்னிரண்டு ஜோடிப் படங்கள்.

கேள்விகளை எண் போட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறாள். இதுவரை தாடையை ஒரு எக்ஸ்ரே கூட எடுத்ததில்லை என்று பேச்சுவாக்கில் தெரிந்தது. அடுத்த வாரம் சென்னைக்கு வருகிறாள், ஒரு தாடை அறுவை நிபுணரிடம் அப்பாயின்ட்மென்ட் வாங்கியிருக்கிறேன். அக்காவிடம் அவளே சொல்வதாகச் சொல்லியிருக்கிறாள்.