தனியிசைக் காணொளியில் நேர்நோக்கு

திரைப்படத்தைச் சாராது வெளிவரும் தனியிசைக் காணொளிகளின் காட்சியமைப்பு மேனாட்டிலிருந்து வந்தது என்பர் சிலர். அக்கருத்து முற்றும் பொருந்துவதன்று. 2021ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் வெளிவந்த 'என்ஜாய் எஞ்சாமி'யை ஈண்டு நோக்குவோம். அறிவும் தீயும் பாடிய இதனை இயக்கியவர் அமித் கிருஷ்ணன்.

இதன்கண் ஆட்டமும் உண்டு; எனினும் நெஞ்சில் நிற்பது அதுவன்று. மாந்தர் பலவிடத்தும் அசையாது இருந்து நம்மை நேர்பட நோக்குகின்றனர். இந்நோக்கு நமக்குப் புதிதோ? கோவில்பட்டியில் வாழ்ந்த ஓவியர் கொண்டையராஜு (1898–1976) தீட்டிய தெய்வங்களும் காண்பாரை இவ்வாறே நோக்கின. சிவகாசி அச்சகங்களின் வழியே அவை நாள்காட்டிகளாகிக் கடைச்சுவர்களிலும் வீட்டுச்சுவர்களிலும் இடம்பெற்றன. இயக்குநர் அவற்றை எண்ணிச் செய்தார் என்பது என் கருத்தன்று. அப்படங்களின்முன் வளர்ந்த தமிழர் கண்ணுக்கு இந்நோக்கின் பொருள் உடனே விளங்கும் என்பதே என் துணிபு.

ஆங்குத் தெய்வம் இருந்த இடத்தில் ஈண்டு நிலமற்ற உழைப்பாளர் வீற்றிருக்கின்றனர். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து மீண்ட தம் பாட்டியின் வாழ்வே பாடலுக்கு ஊற்று என அறிவு கூறியுள்ளமையை எண்ணுவார்க்கு இவ்விடமாற்றத்தின் பெருமை புலனாகும். வணங்கப்படும் நிலையிலிருந்து அவர்கள் நம்மைப் பார்க்கின்றனர். இரங்குதற்கு நமக்கு இடமில்லை.

ஆயினும், திருத்தமுற அமைத்த ஆடையும் வண்ணமும் உழைப்பின் தழும்பைச் சிலவிடத்து மறைத்துவிடுகின்றன. நாள்காட்டி ஓவியத்திற்கும் இக்குறை உண்டு.