இன்ஜின் மேல் பழி போடாதவர்

1976 அக்டோபர் 24. ஜப்பானின் ஃபூஜி பந்தயத் தடத்தில் கொட்டும் மழை. ஃபார்முலா ஒன் சீசனின் கடைசிப் போட்டி. புள்ளிப் பட்டியலில் ஜேம்ஸ் ஹன்ட்டைவிட 3 புள்ளி முன்னால் இருந்த நிக்கி லாடா, இரண்டே சுற்று ஓட்டிவிட்டு ஃபெராரியை பிட்டுக்குள் திருப்பி இறங்கிவிட்டார். ஹன்ட் மூன்றாவதாக வந்து, ஒரே ஒரு புள்ளியில் உலக சாம்பியன் ஆனார்.

லாடா என்றதும் தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் எடுப்பது இதற்கு முந்தைய கதையைத்தான். ஆகஸ்ட் 1 அன்று நூர்பர்க்ரிங்கில் தீயில் வெந்து, பாதிரியார் வந்து கடைசிப் பிரார்த்தனையும் முடித்துவிட்டுப் போன மனிதர், ஆறே வாரத்தில் மோன்ஸாவில் நான்காவதாக வந்தார். இன்றும் சிலிர்க்கிறது. ஆனால் நாலு பேருக்குச் சம்பளம் கொடுக்கிற முதலாளி அதிலிருந்து எதை எடுத்துக்கொள்வார்? அந்த உரம் கோடியில் ஒருவருக்கு வாய்ப்பது. ஃபூஜியில் அவர் செய்ததை யாரும் செய்யலாம். செய்கிறவர்களைத்தான் காணோம்.

தீக்காயத்தால் லாடாவுக்கு இமைகள் சரியாக மூடவில்லை. முன்னால் போகிற கார்கள் வாரி இறைத்த தண்ணீரில் தடமே தெரியவில்லை. இறங்கியவரிடம் ஃபெராரியின் பொறியாளர் மௌரோ ஃபோர்கியேரி, இன்ஜின் கோளாறு என்று சொல்லிவிடலாமா என்று கேட்டார். நல்ல மனதோடு நீட்டிய குடை அது. லாடா வாங்கிக்கொள்ளவில்லை. நிறுத்தியது தன் முடிவு என்று அறிவித்தார்; வசையையும் தானே வாங்கிக்கொண்டார். மறு ஆண்டே பட்டத்தை ஜெயித்தார்.

தன் பலவீனத்தையும் இதே நேர்மையோடு கணக்குப் பார்த்தவர். 1984-ல் மெக்லாரனில் கூட இருந்த அலான் ப்ராஸ்ட், தகுதிச்சுற்றில் தன்னைவிட வேகம் என்று தெரிந்ததும் அந்தச் சுற்றை அவருக்கே விட்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்துக்காக மட்டும் காரைச் செதுக்கினார். ப்ராஸ்ட்டுக்கு 7 வெற்றி, லாடாவுக்கு 5. கடைசிப் போட்டியில் எஸ்டோரிலில் லாடா 11-வது இடத்தில் தொடங்கி இரண்டாவதாக வந்தார். 72-க்கு 71.5. அரைப் புள்ளியில் பட்டம்!

அதற்குள் அவர் ஒரு விமான நிறுவனத்துக்கும் முதலாளி. 1991 மே 26 அன்று, பாங்காக்கிலிருந்து வியன்னாவுக்குக் கிளம்பிய லாடா ஏரின் போயிங் 767 நடுவானில் உடைந்து விழுந்தது. 223 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. தரை தொட்ட பிறகு வேகத்தைக் குறைக்க வேண்டிய த்ரஸ்ட் ரிவர்ஸர், விமானம் மேலே ஏறும்போதே ஒரு இன்ஜினில் திறந்துகொண்டிருந்தது. இந்த முறை தவறு நிஜமாகவே இன்ஜின் பக்கம்.

விமானம் விழுந்த இடத்துக்கே லாடா போனார். பிறகு சியாட்டிலில் சிமுலேட்டரில் உட்கார்ந்து, அதே நிலையில் விமானத்தை மீட்க முடிகிறதா என்று தானே ஓட்டிப் பார்த்தார். முடியவில்லை. அதை வெளியே சொல்ல, வழக்கறிஞர்கள் சம்மதிக்க வேண்டும் என்று போயிங் தயங்கியபோது, நிஜ விமானத்திலேயே ரிவர்ஸரைத் திறந்துவிடுங்கள், நானும் அதில் ஏறுகிறேன், சமாளிக்க முடியும் என்றால் காட்டுங்கள் என்றார். மீட்க முடியாது என்று போயிங் அறிக்கை வெளியிட்டது. பிறகு 767-களின் ரிவர்ஸருக்கு இன்னொரு பூட்டு சேர்க்கப்பட்டது.